படித்த பிறகு எடுக்க வேண்டிய பெயர்

கத்தோலிக்கத் திருச்சபையின் ஏழு அருளடையாளங்களில் உறுதிப்பூசுதலைப் பற்றி வெளியில் இருப்பவர்கள் அதிகம் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். திருமுழுக்கின்போது கைக்குழந்தைக்காகப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் சொன்ன வாக்குறுதிகளை, விவரம் தெரிந்த வயதில் அந்தப் பிள்ளையே எழுந்து நின்று சொல்வது அதன் ஒரு பகுதி. பிறகு ஆயர் பெயர் சொல்லி அழைத்து, கிறிஸ்மா என்ற நறுமணத் தைலத்தால் நெற்றியில் சிலுவை வரைகிறார். அயர்லாந்து, போலந்து, இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் அந்த நேரத்தில் ஒலிக்கும் பெயர், பிறந்தபோது வைத்த பெயராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பதின்பருவத்துப் பிள்ளை புனிதர் ஒருவரைத் தானே தேர்ந்து, அவர் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொள்கிறது. அந்த நாடுகளில் குடியேறிய தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும் எந்தப் புனிதர், ஏன் என்ற கேள்வி வந்து சேர்கிறது. இந்த வழக்கமே தேவையில்லை என்று நினைப்பவர்கள் திருச்சபைக்குள்ளேயே இருக்கிறார்கள். நான் அதைக் காப்பாற்ற வேண்டும் என்கிற கட்சி. ஆனால் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கும் முறையில் பெரிய கோளாறு இருக்கிறது. உன்னைப் போல இருக்கிற புனிதரைத் தேடு என்கிறோம். உன்னிடம் இன்னும் இல்லாத ஒன்றைக் கேட்கிற புனிதரைத் தேடு என்று சொல்லியிருக்க வேண்டும்.

திருச்சபைச் சட்டத்தில் இந்தப் பெயருக்குக் கட்டாயம் எதுவும் கிடையாது. 1971-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட திருத்திய சடங்குமுறையும் புதுப்பெயரைக் கேட்கவில்லை. கீழைத் திருச்சபைகளில், கேரளத்தின் சீரோ மலபார் திருச்சபை உட்பட, திருமுழுக்கோடு சேர்த்துக் குழந்தைக்கே உறுதிப்பூசுதலும் கொடுத்துவிடும் மரபு இருப்பதால் அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஆனாலும் இலத்தீன் வழிபாட்டு மரபில் இது நேற்று முளைத்த பழக்கம் அல்ல. இங்கிலாந்தில் 1281-இல் கேன்டர்பரி பேராயர் ஜான் பெக்கம் கூட்டிய சங்கம், குழந்தைகளுக்கு ஒழுக்கக்கேடான பெயர்களை வைக்கக் கூடாது என்றும், வைத்திருந்தால் உறுதிப்பூசுதலின்போது ஆயர் அதை மாற்றிவிட வேண்டும் என்றும் விதித்தது. தாமஸ் என்று திருமுழுக்குப் பெற்ற காடி என்பவர் உறுதிப்பூசுதலில் பிரான்சிஸ் ஆனார். பிற்காலத்தில் இங்கிலாந்தின் தலைமை நீதிபதிகளில் ஒருவராக உயர்ந்த அவர் அந்த இரண்டாம் பெயரையே தாங்கியது சட்டப்படி செல்லும் என்று நீதிபதிகள் ஏற்றுக்கொண்டதை எட்வர்ட் கோக் தம் சட்ட நூலில் பதிந்து வைத்திருக்கிறார். பெற்றோர் வைத்த பெயரையே மாற்றும் வலு இந்தச் சடங்குக்கு ஒரு காலத்தில் இருந்தது.

இந்த வழக்கத்துக்கு எதிரான வலுவான வாதம் இறையியலிலிருந்து வருகிறது. உறுதிப்பூசுதல் திருமுழுக்கை நிறைவு செய்கிறது. அது புதிய தொடக்கம் கிடையாது. அதனால்தான் திருமுழுக்கில் ஞானப்பெற்றோராக இருந்தவரே இதற்கும் துணை நிற்பது நல்லது என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு சொல்கிறது. அதே நியாயப்படி திருமுழுக்குப் பெயரே தொடரட்டும் என்று பல மறைக்கல்வி ஆசிரியர்கள் கேட்கிறார்கள். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் இந்த வாதம் திருமுழுக்குப் பெயர் புனிதர் ஒருவரின் பெயர்தான் என்று எடுத்துக்கொண்டு பேசுகிறது. 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தொகுப்பில் அப்படித்தான் இருந்தது: குழந்தைக்குக் கிறிஸ்தவப் பெயர் வைக்கப்படுகிறதா என்று பங்குத்தந்தை பார்த்துக்கொள்ள வேண்டும், பெற்றோர் இணங்காவிட்டால் அவர்கள் சொன்ன பெயரோடு புனிதர் பெயர் ஒன்றையும் சேர்த்து இரண்டையும் பதிவேட்டில் எழுத வேண்டும். 1983-இல் இது தளர்ந்தது. கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயரை வைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பதே இப்போதைய விதி. இந்தத் தளர்வை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். அன்பரசன் என்றும் கயல்விழி என்றும் ஒரு கத்தோலிக்கப் பிள்ளைக்குத் தயக்கமின்றிப் பெயர் வைக்க அது இடம் கொடுக்கிறது. அதன் விளைவையும் நாம் கணக்கில் எடுக்க வேண்டும். புனிதர் ஒருவர் ஒரு பிள்ளையின் வாழ்க்கைக்குள் நுழைவதற்குத் திருமுழுக்குத் தொட்டி என்ற வாசல் முன்போல உறுதியாக இல்லை. ஆகவே உறுதிப்பூசுதல் பெயரின் தேவை 1983-க்குப் பிறகு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. அந்தோனி என்று ஏற்கெனவே பெயர் இருக்கிற பிள்ளை அதையே மறுபடி எடுத்துக்கொள்ளட்டும். அந்தோனியார் யார், என்ன செய்தார் என்று படித்துவிட்டு எடுத்தால் அதுவும் தேர்வுதான்.

எப்படித் தேர்வது என்பதில்தான் நாம் பிள்ளைகளைக் கைவிடுகிறோம். பெரும்பாலும் அவர்கள் கையில் கொடுக்கப்படுவது ஒரு பாதுகாவலர் பட்டியல். இசைக்குச் செசிலியா, விளையாட்டு வீரர்களுக்குச் செபஸ்தியார், காணாமல் போன பொருளுக்கு அந்தோனியார் என்று துறைவாரியாக அது போகும். பாட்டு வகுப்புக்குப் போகிற பெண் செசிலியா என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுகிறாள். செசிலியாவைப் பற்றிய பழைய மறைசாட்சிக் கதையை யாராவது அவளுக்குக் கொடுத்திருந்தால் வேறு ஒன்று தெரிந்திருக்கும். அந்தக் கதையில் செசிலியா எந்தக் கருவியையும் வாசிக்கவில்லை. அவளுடைய திருமணத்தில் இசைக்கருவிகள் முழங்கிக்கொண்டிருந்தபோது அவள் தன் உள்ளத்துக்குள் இறைவனை மட்டும் பாடிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் எழுந்த ஓசையிலிருந்து அவள் மனம் விலகி நின்றது. இசைக்குப் பாதுகாவலி ஆனது இந்த ஒரு வரியிலிருந்து பின்னாளில் வளர்ந்த மரபு. தன் விருப்பத்தைச் செசிலியாவிடம் தேடிப் போன பெண், ஊரே ஒன்றைக் கொண்டாடும்போது நீ உள்ளுக்குள் யாரைக் கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்ற கேள்வியோடு திரும்பியிருக்கலாம். பட்டியல் அந்தக் கேள்வி எழாமல் செய்துவிட்டது. இப்போது கார்லோ அகுதிஸ் விஷயத்திலும் இதே ஆபத்து இருக்கிறது. 2006-இல் பதினைந்து வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்து, 2025 செப்டம்பர் 7-ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோவால் புனிதராக அறிவிக்கப்பட்ட இந்த இத்தாலியச் சிறுவனை, கணினி பிடிக்கும் என்ற ஒரே காரணத்துக்காகத் தேர்ந்துகொள்வது சுலபம். அவன் நாள்தோறும் திருப்பலிக்குப் போனதும், மிலான் நகரத்தில் வீடற்றவர்களுக்குத் தன் சேமிப்பிலிருந்து உதவியதும், வீடியோ கேமுக்கு வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தானே வரம்பு வைத்துக்கொண்டதாக அவனைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்வதும் அந்தக் காரணத்துக்குள் வருவதில்லை. பெயரை எடுப்பவனுக்கு உண்மையில் வேலை கொடுப்பவை அவைதான்.

அப்படி வேலை கொடுத்த ஒரு உறுதிப்பூசுதல் பெயர் வரலாற்றில் இருக்கிறது. பிரான்சில் லியோன் நகரத்துக்கு அருகில் தார்தியி என்ற ஊரில் 1786-இல் பிறந்த ஜான் மரிய வியான்னியின் சிறுவயதைப் பிரெஞ்சுப் புரட்சி விழுங்கிவிட்டது. கோவில்கள் மூடப்பட்டன; அரசுக்கு உறுதிமொழி கொடுக்க மறுத்த குருக்கள் மறைந்து வாழ்ந்தார்கள். அவர் முதல் நற்கருணை வாங்கியதே 1799-இல் ஒரு வீட்டுக்குள் ஒளிந்துதான். அதனால் உறுதிப்பூசுதலும் தாமதமாகி, 1807-இல்தான் நெப்போலியனின் மாமாவான கர்தினால் ஃபெஷ் கையால் அவருக்குக் கிடைத்தது. அப்போது அவர் எடுத்த பெயர் திருமுழுக்கு யோவானுடையது. ஜான் மரிய என்ற பெயரோடு பப்திஸ்த் அன்று சேர்ந்தது. அந்த இளைஞருக்கும் திருமுழுக்கு யோவானுக்கும் என்ன ஒற்றுமை? குருமாணவராக இலத்தீன் தலைக்கு ஏறாமல் தவித்த விவசாயி மகன் அவர். அரசன் முகத்துக்கு நேரே அவன் குற்றத்தைச் சொன்னவர் யோவான். 1818-இல் ஆர்ஸ் என்ற சிற்றூருக்குப் பங்குத்தந்தையாகப் போன பிறகுதான் அந்தப் பெயர் அவரிடம் என்ன கேட்டது என்பது தெரிகிறது. மதுக்கடைகளையும் ஊர் நடனங்களையும் எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போராடினார். தம் கோவிலுக்குள் திருமுழுக்கு யோவானுக்கென்று ஒரு சிற்றாலயம் எழுப்பினார். மனம் திரும்புங்கள் என்று ஆற்றங்கரையில் நின்று அழைத்தவரின் பெயரை எடுத்தவர், சில காலங்களில் நாளுக்குப் பதினாறு மணி நேரம் வரை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்து, மனம் திரும்பி வந்தவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். 1925-இல் புனிதராக அறிவிக்கப்பட்டபோது உலகம் அறிந்திருந்த அவருடைய பெயருக்குள் அந்த உறுதிப்பூசுதல் பெயரும் இருந்தது. சடங்கு முடிந்த மறுநாள் மறந்துபோகிற பெயர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது ஆர்ஸ் கிராமத்தைத்தான். பெயர் மறந்துபோவது பெயரின் குற்றமாக இருக்க முடியாது. எதையும் கேட்காத பெயரை எடுத்ததால் அது மறந்துபோகிறது.

தெரேசா என்ற பெயரின் பயணமும் இதையே சொல்கிறது. ஜெர்மனியின் பிரெஸ்லாவு நகரத்து யூதக் குடும்பத்தில் 1891-இல் பிறந்து, ஹுஸ்ஸர்லிடம் மெய்யியல் பயின்ற எடித் ஸ்டெய்ன், 1921-ஆம் ஆண்டுக் கோடையில் பெர்க்சாபெர்ன் என்ற ஊரில் ஒரு தோழியின் வீட்டில் தங்கியிருந்தபோது அவிலா தெரேசாவின் தன்வரலாற்றை வாசித்தார். 1922 ஜனவரி முதல் நாள் திருமுழுக்குப் பெற்றார். தெரேசியா என்பதைத் தம் பெயர்களில் ஒன்றாக்கிக்கொண்டார். அடுத்த மாதமே உறுதிப்பூசுதலும் பெற்றார். பதினோரு ஆண்டுகள் கழித்து கொலோன் நகரத்துக் கார்மேல் மடத்தில் சேர்ந்து, சிலுவையின் தெரேசா பெனெடிக்டா என்ற துறவறப் பெயரை எடுத்தார். 1942 ஆகஸ்டில் அவுஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். ஒரு புத்தகத்திலிருந்து வந்த பெயர் அது. பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயினின் துறவிக்கும் இருபதாம் நூற்றாண்டு ஜெர்மனியின் மெய்யியலாளருக்கும் வெளியே தெரிகிற ஒற்றுமை குறைவு. படித்ததால் மட்டுமே அந்த உறவு பிறந்தது. ஸ்கோப்யேயில் பிறந்து நம் கொல்கத்தாவில் வாழ்ந்து மறைந்த அன்னை தெரேசாவோ, 1925-இல்தான் புனிதராக அறிவிக்கப்பட்டிருந்த லிசியே நகரத்துக் குழந்தை தெரேசாவின் பெயரைத் துறவறத்தில் எடுத்தார். மடத்தின் நான்கு சுவரை விட்டு வெளியே வராத ஒருவரின் பெயரைத் தாங்கி, தெருவோரத்தில் கிடந்தவர்களைத் தேடிப் போனவர் அவர். இவை உறுதிப்பூசுதல் பெயர்கள் அல்ல, திருமுழுக்கிலும் துறவறத்திலும் எடுத்த பெயர்கள் என்று ஒருவர் சுட்டிக்காட்டலாம். உண்மைதான். பெயரைத் தேர்கிற முறைக்காகவே இவற்றைச் சொல்கிறேன். 2013-இல் பொறுப்பேற்ற திருத்தந்தை பிரான்சிஸ், ஏழைகளை மறந்துவிடாதீர்கள் என்று ஒரு கர்தினால் சொன்னதும் அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸின் நினைவு வந்தது என்று தம் பெயருக்குக் காரணம் சொன்னார். தொழிலாளர் உரிமை குறித்து 1891-இல் சுற்றுமடல் எழுதிய பதிமூன்றாம் லியோவை நினைத்தே பெயர் எடுத்ததாக இப்போதைய திருத்தந்தை 2025-இல் விளக்கினார். திருத்தந்தையே காரணம் சொல்லிப் பெயர் எடுக்கிற திருச்சபையில், பதின்மூன்று வயதுப் பிள்ளையிடமும் காரணம் கேட்பது நியாயம்.

அந்த வயதில் என்ன தெரியும் என்ற கேள்வி அடுத்து வரும். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒலி நன்றாக இருக்கிறது என்று ஒரு பெயரை எடுக்கும். நண்பன் எடுத்ததையே எடுக்கும். பாட்டி மனம் குளிர வேண்டும் என்று எடுக்கும். எல்லாம் நடக்கிறது. ஆனால் அதே பிள்ளையிடம்தான் சாத்தானை விட்டுவிடுகிறாயா, திருச்சபையின் விசுவாசத்தை ஏற்கிறாயா என்று ஆயர் கேட்கிறார். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் முதிர்ச்சி இருக்கிறது, ஒரு புனிதரின் வாழ்க்கையைப் படித்துத் தேரும் முதிர்ச்சி இல்லை என்று சொல்வது பொருந்தவில்லை. படித்துத் தேர்ந்தாலும் பலன் நிச்சயமா என்றால், இல்லை. எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் இயேசு சபையினரின் பள்ளியில் படித்த சிறுவயதில் அலோசியஸ் என்ற உறுதிப்பூசுதல் பெயரை எடுத்தார். நாம் ஞானப்பிரகாசியார் என்று அழைக்கிற அந்தப் புனிதர், உரோமையில் கொள்ளைநோய் கண்டவர்களைப் பராமரிக்கப் போய்த் தாமும் நோயுற்று 1591-இல் இருபத்துமூன்று வயதில் இறந்தவர். ஜாய்ஸோ பின்னாளில் திருச்சபையை விட்டே விலகிவிட்டார். பெயர் ஒருவரைப் பிடித்து நிறுத்திவிடும் என்று நான் வாதிடவில்லை. அப்படிப் பிடித்து நிறுத்துமானால் அதைத் தேர்வு என்றே சொல்ல முடியாது.

புனிதர் பட்டியலே ஐரோப்பியர் பட்டியல்தானே, தமிழ்ப் பிள்ளை அதிலிருந்து எதைத் தேர்வது என்ற குறையில் ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. அப்போதும் நம் முன்னோர் அந்தப் பெயர்களை அப்படியே விழுங்கவில்லை. இராயப்பன், சின்னப்பன், அருளப்பன், சூசை என்று தம் நாவுக்கு ஏற்ப ஆக்கிக்கொண்டார்கள். இன்றைக்குப் பட்டியலும் மாறியிருக்கிறது. 1984-இல் கொரியாவின் 103 மறைசாட்சிகள், 1988-இல் வியட்நாமின் 117 பேர், 2000-இல் சூடான் நாட்டில் அடிமையாக விற்கப்பட்ட ஜோசபின் பகிதா என்று அது விரிந்தது. 2022 மே 15-ஆம் நாள் தேவசகாயம் வந்தார். 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன் திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாயின் வழியாகக் கிறிஸ்தவத்தை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, லாசர் என்ற விவிலியப் பெயரின் தமிழ் வடிவமாகத் தேவசகாயம் என்ற பெயரை ஏற்றார். அதன் பிறகு கைது, சித்திரவதை, கடைசியில் 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழி மலையில் துப்பாக்கிச் சூடு. சாதி வேறுபாடின்றி எல்லோரும் சமம் என்று அவர் வற்புறுத்தியதை வத்திக்கானின் வாழ்க்கைக் குறிப்பு தனியாகக் குறிப்பிடுகிறது. புனிதராக அறிவிக்கப்பட்டபோது, முன்பு அவர் பெயரோடு ஒட்டி எழுதப்பட்டுவந்த சாதிப் பட்டம் நீக்கப்பட்டிருந்தது.

அந்தப் பெயரை எடுக்கும் தமிழ் இளைஞனுக்கு அவர் வைக்கும் கேள்வி வேறு எந்தப் புனிதரின் கேள்வியையும்விடக் கூர்மையானது. தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாதிவாரியாக மக்களைப் பிரித்து வைக்கும் தடுப்போடு ஒரு கோவில் எழுந்தது. 1910-இல் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டபோது, அதை மறுபடி வேண்டும் என்று ஒரு சாரார் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர்நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை. சாதி வாரியாகப் பிரிந்த கல்லறைகள் தமிழ்நாட்டில் இன்னும் தீராத வழக்கு. இதையெல்லாம் படித்துவிட்டு ஒருவன் தேவசகாயம் என்று ஆயரிடம் சொல்வானானால், பத்து ஆண்டு கழித்துத் தனக்குப் பெண் பார்க்கும்போது வீட்டார் முதலில் எதை விசாரிக்கிறார்கள் என்பதில் அவன் வாய் திறந்தாக வேண்டும். நம்ம ஊர்க்காரர் என்ற பெருமைக்காக மட்டும் அந்தப் பெயரை எடுத்தால், கணினிக்காகக் கார்லோவை எடுத்ததற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

ஆண்பிள்ளை பெண் புனிதரின் பெயரை எடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். தடுக்கும் சட்டம் ஏதுமில்லை. வியான்னியின் பெயரிலேயே மரியா இருக்கிறார். புனிதர்களை இப்படி முன்னிறுத்துவது கிறிஸ்துவை மறைக்காதா என்று சீர்திருத்தச் சபை நண்பர்கள் கேட்பது இதைவிடக் கனமானது. புனிதரை வேண்டியதைக் கொடுப்பவராக மட்டும் பார்த்தால் மறைக்கும்தான். தேவசகாயத்தின் வாழ்க்கையைப் படிப்பவன், ஒரு மனிதனை இவ்வளவு தூரம் இழுத்துப் போனது யார் என்று கேட்காமல் புத்தகத்தை மூட முடியாது.

நடைமுறையில் இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. பெயரைக் கேட்பதற்கு ஆறு மாதம் முன்பே, பட்டியலுக்குப் பதிலாக நான்கைந்து வாழ்க்கை வரலாறுகளைப் பிள்ளையின் கையில் கொடுக்கலாம். அவற்றில் ஒன்றாவது தடுமாறி விழுந்த மனிதருடையதாக இருக்கட்டும்: அபின் பழக்கத்தை விட முடியாமல் முப்பது ஆண்டுகள் நற்கருணை மறுக்கப்பட்டும் கோவிலை விட்டுப் போகாமல், 1900-இல் மறைசாட்சியாக இறந்த சீன மருத்துவர் மார்க் ஜி தியன்ஸியாங் போல. சில நாடுகளில் பிள்ளைகள் தாம் தேர்ந்த பெயருக்கான காரணத்தை ஆயருக்குக் கடிதமாக எழுதும் வழக்கம் இருக்கிறது. அந்தக் கடிதத்தில் இந்தப் புனிதரை உனக்கு ஏன் பிடிக்கும் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, இவர் செய்ததில் உன்னால் இன்று செய்ய முடியாதது எது என்று கேட்கலாம். துணை நிற்கும் ஞானத்தந்தைக்கும் ஞானத்தாய்க்கும் இதில் வேலை இருக்கிறது. உறுதிப்பூசுதல் பெற்றவர் கிறிஸ்துவின் உண்மையான சாட்சியாக வாழப் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்று சட்டமே சொல்கிறது. பிள்ளை படிக்கிற அதே புத்தகத்தை அவர்களும் படித்து, கடிதத்தை முதலில் வாசிப்பவர்களாக இருக்கட்டும். அந்தப் புனிதரின் திருநாள் ஆண்டுதோறும் வரும்போது, கடிதத்தில் எழுதியது என்ன ஆயிற்று என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.